ரொட்டிப் பையில் தொங்கிய கரண்ட்

அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு ரொட்டிப் பை. கடையில் ரொட்டி வாங்கினால் வருமே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் பைதான். அதற்குள் ஒரு எக்ஸ்டென்ஷன் கட்டையைப் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கி, அத்தை வீட்டுக் கூரை ஓரத்தில் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டையின் எல்லாத் துளையிலும் பிளக் செருகியிருக்கும். மழை நனைக்கக் கூடாது என்பதற்காகப் பை. ஆனால் வயர்கள் உள்ளே போகிற வாய் வழியாகத் தண்ணீரும் உள்ளே போகும். அடைமழைக்குப் பிறகு பார்த்தால் பையின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மீன் குஞ்சு போட்டு விற்கிற பை மாதிரி இருக்கும். மீனுக்குப் பதில் கரண்ட். அந்தப் பைக்குக் கீழே அத்தை துணி துவைப்பாள், மீன் ஆய்வாள், தலை வாருவாள். நாங்கள் எல்லோரும் அதற்குக் கீழேதான் நின்று பேசினோம், சிரித்தோம். ஒருத்தரும் மேலே பார்க்கவில்லை.

எங்கள் தோட்டம் மலேசியாவில், ஈப்போ பக்கம், லகாட்டுக்கும் பத்து காஜாவுக்கும் நடுவில் இருந்தது. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது. செம்பனையும் போய்க் கடைசியில் ஒரு கம்பெனி நிலத்தை வாங்கியது. வேலை போனது, ஆட்கள் பாதிப் பேர் போனார்கள், லயத்து வீடுகள் மட்டும் நின்றன. முன் லயம், பின் லயம் என்று இரண்டு வரிசை. முன் லயத்து வீடுகளுக்குப் பழைய நிர்வாகம் இருந்த காலத்திலேயே மீட்டர் வந்துவிட்டது. பின் லயம் இடிக்கப் போகிற லயம் என்று யாரோ எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். அதனால் அங்கே மீட்டர் வரவில்லை. இடிக்கவும் இல்லை. ஆட்கள் பிறந்தார்கள், கல்யாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். வெளிச்சம் மட்டும் முன் லயத்திலிருந்து இரவல்.

சந்துக்கு மேலே, கூரைக்குக் கூரை வயர் இழுத்திருந்தது. முன் வீட்டு ஜன்னல் வழியாக ஒரு வயர் கிளம்பும். அத்தை வீட்டு ரொட்டிப் பைக்கு வரும். அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கு, அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு. ஒரே வயர், நாலு குடும்பம், வீட்டுக்கு வீடு ஒரு ரொட்டிப் பை. கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. கேட்டதும் கொடுத்தார்கள், முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். ஆனால் நல்ல மனசு வயரைத் தடிமனாக்காது. ஸ்பீக்கருக்குப் போடுகிற வயரில் ஃபிரிட்ஜ் ஓடியது. ஒட்டுப் போட்ட இடத்தில் கறுப்பு டேப். டேப் வெயிலில் உரிந்தால் அதற்கு மேல் இன்னொரு சுற்று டேப்.

இதைப் பற்றி எழுதும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. எங்கள் ஆட்கள் மடையர்கள் இல்லை. ஆனால் கரண்ட் விஷயத்தில் மடத்தனம் எல்லாவற்றையும் முறை வைத்துச் செய்தோம். இரண்டு முள் பிளக்கை மூன்று துளையில் சொருக, மேல் துளையில் குத்துவதற்கென்று மீ கடையில் நூடுல்ஸ் சாப்பிடத் தருகிற குச்சி ஒன்று எல்லா வீட்டிலும் சுவிட்சு பக்கத்தில் இருக்கும். பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுருட்டி வைப்பார்கள். பச்சையும் மஞ்சளுமாக வருகிற எர்த் வயரை வெட்டி எறிவார்கள், அதில் கரண்ட் வரவில்லையாம், வேஸ்டாம். இதையெல்லாம்விட ஒன்று உண்டு. முன் லயத்து மீட்டர் பெட்டியில் சுவிட்சு மாதிரி ஒரு பாதுகாப்புக் கட்டை இருக்கும். கரண்ட் போகக் கூடாத இடத்துக்குப் போனால், அது மண்ணானாலும் மனுஷனானாலும், தானாகவே கீழே விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். மழை பெய்தால் அது விழும். பையில் தண்ணீர் தேங்கினால் விழும். ஏன் விழுகிறது என்று ஒருவனும் கேட்கவில்லை. டிவி பார்க்கும்போது தொல்லையாக இருக்கிறது என்று, வயரிங் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு அந்தக் கட்டையைத் தாண்டி நேராக இணைத்துவிட்டார்கள். அன்று எல்லோரும் அவனைப் பாராட்டினோம். உயிரைக் காப்பாற்ற வைத்த சாமான் உளறுகிறது என்று அதன் வாயை அடைத்தோம்.

அத்தை என் அப்பாவின் தங்கை. குரல் பெரிது. ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போன காலத்தில் அடுத்த டிவிஷனில் இருக்கிறவளோடு இருந்த இடத்திலிருந்தே பேசுவாளாம். மாமா அதற்கு நேர் எதிர். தோட்டத்தில் களைக்கு மருந்து அடித்தவர், பீடியும் விடாதவர். நெஞ்சை எது கெடுத்தது என்று டாக்டர் சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை. கடைசியில் பத்து காஜா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆக்ஸிஜன் மெஷினோடு வீட்டுக்கு வந்தார். மூக்கில் குழாய், கட்டில் பக்கத்தில் மெஷின். அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எந்தக் கரண்டில் ஓடும் என்று யாரும் கேட்கவில்லை. அதுவும் ரொட்டிப் பைக்குள் போனது.

மெஷின் வந்த பிறகுதான் பின் லயத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. யார் வீட்டில் கெட்டில் போட்டாலும் வயர் தாங்காது. விளக்கு மங்கும், காற்றாடி சோரும், மாமாவின் மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்தும். அதனால் கெட்டில் போடுவதற்கு முன் அத்தையிடம் உத்தரவு கேட்க வேண்டும். பலகைச் சுவரைத் தாண்டிக் குரல் வரும். "அக்கா, கெட்டில் போடவா?" அத்தை உள்ளே மாமாவைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வாள். "இப்ப வேணாம் லா, மனுஷன் இருமுறாரு." அல்லது, "போடு, சீக்கிரம் போட்டு சீக்கிரம் எடு." புது மருமகள்கள் வந்தால் முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு ஆளின் மூச்சைக் கேட்டுத்தான் அடுத்த வீட்டில் தேத்தண்ணி. வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கை. எங்களுக்குச் சாதாரணம்.

ஒரு நாள் மத்தியானம் பை எரிந்தது. படபடவென்று சத்தம் கேட்டது, நீலமாக ஒரு பொறி, பிறகு உருகின பிளாஸ்டிக் சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டே விழுந்தது. பலகைச் சுவரில் தீ ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அத்தை அவர் கையைத் தட்டிவிட்டு, வயர் கொடுத்த முன் வீட்டு அக்காவைப் பார்த்து மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிக் கத்தினாள். கரண்ட் ஓடும்போது தண்ணீர் ஊற்றியிருந்தால் அவர் போயிருப்பார், அந்தக் குரல் அன்றைக்கு ஒரு உயிரைக் காப்பாற்றியது. கரண்ட் நின்றது, ஈரச் சாக்கால் அடித்துத் தீயை அணைத்தார்கள். ஆனால் மெஷினும் நின்றுவிட்டது. நான் ஈப்போவில் ஒரு டயர் கடைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு லீவு, பின் லயத்தில் எங்கள் வீட்டில் இருந்தேன். மாமாவைத் தூக்கி வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உதடு நீலமாகிவிட்டது. அத்தை வழியெல்லாம் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டு, "கண்ண மூடாத, என்னைப் பாரு" என்று திட்டிக்கொண்டே வந்தாள். பிழைத்துக்கொண்டார்.

லயத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். கட்டை மட்டமான சாமான், நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடும். எனக்கு எரிச்சலாக வந்தது. ஈப்போவிலிருந்து ஒரு வயர்மேனைக் கூட்டி வந்தேன். அந்த மனிதர் சந்தில் நடந்தார், அண்ணாந்து பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு வயரையும் தொடவில்லை. எவ்வளவு உசத்தியான கட்டை வாங்கினாலும் இந்த வயரில் இதே கதைதான் என்றார். கட்டை கரண்டை உண்டாக்குவதில்லை, பங்கு போடத்தான் செய்கிறது. நூல் மாதிரி ஒரு வயர், அதில் நாலு வீட்டுப் பாரம், நடுவில் மழைத் தண்ணீர். வீட்டுக்கு வீடு சொந்த மீட்டர், சொந்த வயரிங், அதற்குக் குறைந்து எதுவும் பேசாதீர்கள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதுவரை வேறு வழியில்லாமல் புதுக் கட்டை ஒன்றைப் புதுப் பையில் போட்டு அதே வயரில் தொங்கவிட்டோம்.

மீட்டர் வேண்டும் என்றால் நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். அத்தையும் நானும் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். மேனேஜர் தமிழர்தான், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர். உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் சம்மதம் தர முடியாது என்றார். மீட்டர் வந்தால் நீங்கள் நிரந்தரமாக இருக்கிறீர்கள் என்று ஆகிவிடும், மேலிடம் ஒத்துக்கொள்ளாது. தீப்பிடித்ததைச் சொன்னோம். ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார். எழுந்து வரும்போது அவரே ஞாபகப்படுத்தினார், திருவிழா அடுத்த மாதம்தானே, வந்துவிடுகிறேன் என்று. நான் வாசலுக்கு வெளியே வந்ததும் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அத்தை திட்டவில்லை. வேனில் ஏறி வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் மாரியம்மன் திருவிழாவில் ஒரு பழக்கம் உண்டு. ரதத்தின் வடத்தை முதலில் தொடுவது தோட்டத்தை நடத்துகிற துரை. வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்தது. தலையில் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, வடத்தை அவர் கையில் கொடுப்பார்கள். துரை வடத்தைப் பிடித்துக்கொண்டு ரதத்துக்கு முன்னால் கடைசி வீடு வரை நடக்க வேண்டும். வெள்ளைக்காரத் துரை போனார், நம் நாட்டுத் துரை வந்தார், தோட்டமே போனது. மரியாதை மட்டும் போகவில்லை. கம்பெனி மேனேஜருக்கு வருஷா வருஷம் பரிவட்டம் கட்டினோம். எங்களைக் காலி பண்ணச் சொல்கிறவருக்கு நாங்களே மாலை போட்டோம். இதைக் கேட்டால் எவனுக்கும் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். எங்களுக்கு இருக்கவில்லை, அது கோயில் முறை.

இன்னொரு முறையும் உண்டு. ரதம் ஒரு சந்துக்குள் நுழைந்துவிட்டால் பின்னால் நகரக் கூடாது. அந்தப் பக்கமாக வெளியே வந்துதான் ஆக வேண்டும். முன்பெல்லாம் ரதம் பின் லயத்துச் சந்துக்கும் வரும். நான்தான் முன்னால் மூங்கில் கம்போடு நடந்து, வயர்களைத் தூக்கிப் பிடிப்பேன். ரதம் குனிந்த மாதிரி கீழே போகும். வயர் அதிகமாகித் தாழ்ந்து தொங்க ஆரம்பித்ததும் கோயில் தலைவர் சந்துக்குள் ரதம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். பின் லயத்துப் பெண்கள் அர்ச்சனைத் தட்டைத் தூக்கிக்கொண்டு முனையில் போய் நிற்பார்கள், அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர்கள் மாதிரி.

அந்த வருஷம் அத்தை தலைவர் வீட்டுக்குப் போனாள். நானும் கூட இருந்தேன். ரதம் சந்துக்குள் வர வேண்டும் என்றாள். தலைவர் சிரித்தார்.

"வயர் எல்லாம் தொங்குது லா அக்கா. அம்மனுக்குக் கரண்ட் அடிச்சா யாரு பொறுப்பு?"

"அம்மனுக்கு அடிக்கக் கூடாது. எங்களுக்கு அடிச்சா பரவால்லையா தலைவரே?"

தலைவர், கமிட்டியைக் கேட்க வேண்டும் என்றார். அத்தை, கமிட்டியைக் கேட்கும்போது அன்னதானத்துக்குச் சமைக்க ஆளையும் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அன்னதானம் சமைக்கிறவர்கள் எல்லோரும் பின் லயத்துப் பெண்கள். தலைவர் தன் சம்சாரத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் சுவரைப் பார்த்தாள். ரதம் சந்துக்கு வருவதாக அங்கேயே முடிவானது. மேனேஜரிடம் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்றும் முடிவானது.

திருவிழா அன்று சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தரை எல்லாம் சேறு. டிரெய்லர் மேல் கட்டிய ரதம், பூ அலங்காரம், பின்னால் ஜெனரேட்டர். உறுமி மேளம் அடிக்கிறவர்கள் முன்னால் போக, மேனேஜர் பட்டு வேட்டியும் பரிவட்டமுமாக வடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முன் லயத்தைச் சுற்றினோம். வழக்கமாகத் திரும்புகிற முனையில் ரதம் திரும்பவில்லை. நேராகப் பின் லயத்துச் சந்துக்குள் நுழைந்தது. மேனேஜர் ஒரு நொடி தயங்கினார். பின்னால் ரதம் வருகிறது, கூட்டம் வருகிறது, நடந்துதான் ஆக வேண்டும்.

முதல் வயருக்கு வெகு முன்னாலேயே அத்தை சந்தின் நடுவில் நின்றிருந்தாள். மஞ்சள் புடவை, தலையில் பூ, கையில் என் மூங்கில் கம்பு. அவள் கையைத் தூக்கியதும் ரதம் நின்றது, மேளம் நின்றது. முன்னால் பார்த்தால் வயர், அதற்குப் பின்னால் வயர், கூரைக்குக் கூரை ரொட்டிப் பை. எரிந்த இடத்தில் சுவர் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. வயர்களிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அத்தை மேனேஜரிடம் வந்து கம்பை நீட்டினாள்.

"சார், மொத மரியாத உங்களுக்குத்தானே. வயரத் தூக்குங்க, அம்மன் போகட்டும்."

அவர் கம்பை வாங்கவில்லை. கம்பைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடியும் கம்பைப் பார்த்தார்.

"ஈரமா இருக்கேம்மா."

"எப்பவும் ஈரந்தான் சார். நம்ம திருவிழா மழ மாசத்துல வருது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு நின்றது. மேனேஜர் குரலைத் தாழ்த்தி, கரண்டை அணைத்துவிட்டு வயரை இறக்கலாமே என்றார். நியாயமான பேச்சு. அத்தை அந்தப் பேச்சுக்குத்தான் காத்திருந்தாள். நகர்ந்து நின்று தன் வீட்டுக் கதவைக் காட்டினாள். கதவு திறந்திருந்தது. கட்டிலில் மாமா சாய்ந்து உட்கார்ந்து, மூக்கில் குழாயோடு ரதத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மேளம் நின்றுவிட்டதால் மெஷின் ஓடுகிற சத்தம் சந்தெல்லாம் கேட்டது.

"அணைக்கலாம் சார். அணைச்சா அந்த மெஷின் நிக்கும். நீங்களே சொல்லுங்க. அணைக்கவா, தூக்குறீங்களா?"

நான் இந்தக் கேள்வியை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இதற்குப் பதில் கிடையாது. அந்தக் கேள்விக்குள்தான் நாங்கள் வருஷக்கணக்காகக் குடியிருந்தோம். அன்றைக்கு முதல் தடவையாக அந்த மனிதரும் அதற்குள் வந்து நின்றார். பின்னால் போக முடியாது, ரதம் பின்னால் நகராது. முன்னால் போக முடியாது. வடத்தைக் கீழே போட முடியாது, அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தோட்டமே பார்த்துக்கொண்டிருக்கிறது. பரிவட்டத்துக்குக் கீழே வேர்வை வழிந்தது. அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் அர்ச்சனைத் தட்டில் பூவைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார்.

மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தார். அத்தை கேட்கவே இல்லை.

"மேலிடம் இங்கதான் சார் இருக்கு," என்று ரதத்தைக் காட்டினாள். "வடத்தக் கையில வச்சிக்கிட்டு அவகிட்ட சொல்லுங்க."

பிறகு அந்த மனிதர் ரதத்தின் பக்கம் திரும்பினார். சத்தமாகத்தான் சொன்னார், கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. "சம்மதம் தரேன். எல்லா வீட்டுக்கும் தரேன்." பயத்தால் சொன்னாரா, பக்தியால் சொன்னாரா, தெரியாது. எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

அத்தை என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் வீட்டுக்குள் போனேன். மாமாவின் கட்டிலுக்கு அந்தப் பக்கம், வாசலிலிருந்து தெரியாத இடத்தில் ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்றது. காலையிலேயே ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கி என் வேனில் கொண்டு வந்தது. எப்படித் திறப்பது என்று நர்ஸ் காட்டிக் கொடுத்திருந்தார், பக்கத்தில் சூடமோ விளக்கோ கொண்டுபோகக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். அதற்காகவே அத்தை தன் வீட்டு அர்ச்சனைத் தட்டைப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்திருந்தாள். குழாயை மாற்றினேன். மாமா கண்ணடித்தார். முன் வீட்டு அக்காவுக்குக் குரல் கொடுத்தேன், மொத்தமாக அணைத்தாள். இளைஞர்கள் கூரைகளில் ஏறி வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கினார்கள். சந்துக்கு மேலே வானம் தெரிந்தது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அதுவரை அதைப் பார்த்ததில்லை.

மேனேஜர் வாசல் வழியாக எட்டிப் பார்த்தவர், சிலிண்டரைக் கண்டுவிட்டார்.

"இது மொதல்லேயே இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்," என்றாள் அத்தை. "நீங்க கேக்கல."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். தலையிலிருந்த பரிவட்டத்தைச் சரிசெய்துகொண்டு வடத்தை இழுத்தார். மேளம் அடித்த அடி இன்னும் என் காதில் இருக்கிறது. ரதம் நிமிர்ந்து போனது. யாரும் கம்பு தூக்கவில்லை. பின் லயத்துப் பெண்கள் அவரவர் வாசலில் நின்று தேங்காய் உடைத்தார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. இறக்கின வயர் மறுபடியும் ஏறக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள். மாமாவையும் மெஷினையும் முன் வீட்டு அக்கா தன் வீட்டு ஹாலில் வைத்துக்கொண்டாள், மெஷினுக்கு நேராகச் சுவரில் இருந்தே கரண்ட். வாய் அடைத்து வைத்திருந்த அந்தப் பாதுகாப்புக் கட்டையையும் வயர்மேனைக் கூப்பிட்டுத் திரும்ப இணைத்தோம். மற்றவர்களுக்கு இருட்டு. மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு. ஃபிரிட்ஜில் இருந்த கோழி கெட்டுப் போனது என்று ஒருத்தி அத்தை வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். எதிரே இருந்தவன் டிவி பார்க்க முடியவில்லை என்று ஒரு நாள் திருட்டுத்தனமாக வயர் இழுத்தான். அத்தை தோட்டக் கத்தியை எடுத்துக்கொண்டு போய், முன் வீட்டில் அணைக்கச் சொல்லிவிட்டு, அவன் கண் முன்னால் அதை வெட்டினாள். மேனேஜர் சொன்னபடி சம்மதக் கடிதம் வரவில்லை. அத்தை பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை, கோஷம் போடவில்லை. அவர் வெளியே வரும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து அவரைக் கும்பிட்டார்கள், அம்மனைக் கும்பிடுவது மாதிரி. அவரால் அதைத் தாங்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டார். மேலிடத்தில் தானே போய்ப் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த மட்டில் அவர் மனுஷன்.

மீட்டர் வந்த நாள் பகல் பொழுது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே தடிமனான வயர், எர்த் வயர் சரியாகப் பூட்டினது, பாதுகாப்புக் கட்டை தனித்தனியாக. மாமா திரும்பத் தன் கட்டிலுக்கு வந்தார். மெஷினைச் சுவரில் சொருகினோம், நடுவில் எந்தக் கட்டையும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து பழக்க தோஷத்தில் குரல் வந்தது. "அக்கா, கெட்டில் போடவா?" அத்தை வெளியே போய் லயமே கேட்கிற மாதிரி கத்தினாள். "எல்லாரும் போடுங்கடி. ஒன்னா போடுங்க." எல்லா வீட்டிலும் தண்ணீர் கொதித்தது. விளக்கு அசையவில்லை. மெஷின் அதே சத்தத்தில் ஓடியது. மாமா தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு, சீனி குறைவு என்றார்.

மாமா அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தார். கரண்டால் சாகவில்லை, வயரால் சாகவில்லை, தன் கட்டிலில், தன் நேரத்தில் போனார். அத்தை போன வருஷம் போனாள். நான் இப்போது லகாட் பக்கம் ஒரு தரை வீட்டில் இருக்கிறேன். இங்கே எல்லா அறையிலும் சுவரில் நல்ல பிளக் இருக்கிறது. அப்படியும் என் மகள் எக்ஸ்டென்ஷன் கட்டைக்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷன் கட்டையைச் சொருகி, மெத்தைக்கு அடியில் தள்ளி வைக்கிறாள். ஹேர் டிரையரும் லேப்டாப்பும் போனும் அதில்தான். தொட்டால் சுடுகிறது. நான் பிடுங்கி எறிகிறேன், அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். வைத்துக்கொள்ளட்டும். பின் லயத்தில் எங்களுக்கு வேறு வழி இல்லாமல் இருந்தது. இங்கே வழி கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. வழி இருந்தும் இப்படிச் செய்கிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மீட்டர் வந்து கொஞ்ச நாளில் அத்தை வீட்டுக்கு வெளியாட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது பத்து காஜா தாண்டி இன்னொரு பழைய தோட்டத்துப் பெண்கள். நானும் அன்றைக்கு இருந்தேன். எங்கள் லயத்தில் கரண்ட் வந்த கதை அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. அவர்களுக்கும் அதே நிலைமை, அதே இரவல் வயர், அதே சம்மதம் தராத நிலத்துக்காரர். யாரைப் பார்க்க வேண்டும், எந்த ஆபீசுக்குப் போக வேண்டும், மனு எப்படி எழுத வேண்டும் என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி கேட்டார்கள். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வெற்றிலை மடித்தாள். மடித்து வாயில் போட்டுக்கொண்டு, கையைப் புடவையில் துடைத்தாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம் லா," என்றாள். "உங்க தோட்டத்து ரதம் எந்த வழியா போவுது?"